சிங்கக்குட்டிகளின் வீடு

கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் பயிற்சிக்கு விண்ணப்பித்தவள் பேத்தி. நேர்காணல் இயந்திரமோ குடும்பத்தைப் பற்றித் துணைக்கு வந்த தாத்தா பொன்னுரங்கத்திடம் கேட்டது. அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"எங்க வம்சத்தையா கேக்குற? நாலு தலைமுறையா சிங்கக்குட்டிங்கதான். பொட்டப்புள்ள இவ ஒருத்திதான், அதுவும் மருமக அடம்புடிச்சதால!" என்று மீசையை முறுக்கினார்.

"அப்படிப்பட்ட வீட்டாரிடம் கருவைப் பார்க்கும் கருவியைத் தர மாட்டோம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது," என்றது இயந்திரம்.

"என்ன திமிரு! எங்க குடும்ப மானத்தையா சந்தேகப்படுற?" கைத்தடியால் இயந்திரத்தை ஓங்கி அடித்தார். "எந்திரி யாழ்மொழி, போவலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன.

"எனக்காக அம்மா அடம்புடிச்சாங்க. பொறக்காமலே போன என் அத்தைங்களுக்காக அடம்புடிக்க ஒருத்தருமே இல்லையா, தாத்தா?"