ஒருவர் பாரம் தாங்கும் சரிவு

பனிப்புயல் ஓய்ந்த காலையில் சரிவின் ஓரத்தில் இருந்தவர்கள்: கிழ ஆடு கொம்பன், அவன் மகள் செவலை, அவளுடைய குட்டி துள்ளி, பாறைமேல் ஓர் அண்டங்காக்கை. ஆக நால்வர். புல் எதிர்ப்பக்கம்தான் இருந்தது.

“பழைய பனி இறுகிப் போச்சு. புதுப் பனி அதுமேல ஒட்டாம நிக்குது. ஒருத்தர் பாரம்தான் தாங்கும். ஒருத்தர் அந்தப் பக்கம் சேர்ந்த பிறகுதான் அடுத்தவர் இறங்கணும்” என்றான் கொம்பன். முதலில் அவனே கடந்தான்.

அடுத்துத் துள்ளி போனது. பாதி வழியில் நின்றுவிட்டது.

“அம்மா, காலுக்கடியில ஏதோ முனகுது. நீயும் வா!”

“நிக்காதே கண்ணு, தாத்தாவைப் பார்த்துக்கிட்டே நட” என்றாள் செவலை.

காக்கை சிரித்தது. “பிள்ளை கதறுது, நீ இங்கே நின்னு பாடம் சொல்றே. நீயெல்லாம் ஒரு தாயா?”

செவலை சரிவில் இறங்கி ஓடினாள். சில எட்டுகளிலேயே மேலே பனியில் ஒரு விரிசல் ஓடியது. சரிவு மொத்தமும் பெயர்ந்து பள்ளத்துக்குள் போனது.

பனித்தூள் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

“நான் சும்மாதான் சொன்னேன், பெரியவரே” என்றது காக்கை.

கொம்பன் பள்ளத்தின் ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தான். புல்லைத் தொடவில்லை.

இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். மிச்சம் இருவர்.