மூன்று சீட்டும் பூபாலனுக்கு

"இன்னைக்கும் ஆள் வரலை சுபா! மூணு சீட்டும் புக் பண்ணியிருக்கான், காசும் கட்டிட்டான், ஆளைத்தான் காணோம்!"

செகந்திராபாத்தின் போலாரம் பஸ் ஸ்டாப் ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கர் போனில் கத்தினான் தினேஷ். கும்பகோணத்தில் வங்கிக்குக் கிளம்புகிற அவசரத்தில் சட்னி அரைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி சுபாஸ்ரீ மிக்ஸியை நிறுத்தினாள்.

"வராட்டிப் போறான், விடுங்க. அஞ்சு நிமிஷம் நின்னாச்சுல்ல? கெளம்புங்க."

"அது எப்படி விடறது? ஏழு நாளா இதே கூத்து!"

தினேஷுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. போலாரத்திலிருந்து பேகம்பேட் ஆபீசுக்குத் தனியாகக் காரில் போய் வந்ததில் பாதிச் சம்பளத்தைப் பெட்ரோலே குடித்துக்கொண்டிருந்தது. லிட்டர் நூறைத் தாண்டினது தாண்டினதுதான், இறங்குகிற வழியைக் காணோம். காரை விற்றுவிட்டு பஸ்ஸில் தொங்க வேண்டியதுதான் என்று அவன் நொந்துபோயிருந்த நேரத்தில்தான், காலியாக இருக்கும் சீட்டுக்கு ஆள் பிடித்துத் தரும் அந்த ஆப் கண்ணில் பட்டது.

முதல் வாரம் அமோகம். மூன்று பேர் ஏறினார்கள், பெட்ரோல் செலவு கையைக் கடிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை முளைத்தான் இந்தப் பூபாலன். போட்டோ கிடையாது, போன் நம்பர் கிடையாது. முந்தின இரவு தினேஷ் சீட் விவரத்தைப் போட்ட அடுத்த நிமிடம் மூன்று சீட்டையும் அள்ளிவிடுவான். காலையில் 'வர இயலவில்லை, நீங்கள் புறப்படலாம்' என்று ஒரு செய்தி மட்டும் வரும். வராதவருக்குக் காசு திரும்பாது என்பது ஆப்பின் சட்டம். அதைப் பற்றியும் அந்த மகராசன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"ஒரு ஆளுக்கு எதுக்கு சுபா மூணு சீட்டு? அவ்வளவு குண்டா?"

"நல்லா கேட்டீங்க போங்க!" சுபாஸ்ரீ சிரித்தாள். "கெடைக்கற காசை வாங்கிட்டு சந்தோஷமா இருக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"ஓசிக் காசு மாதிரி உறுத்துது. ஏறாத ஆள்கிட்ட எப்படி வாங்கறது?"

"ரொம்பத்தான்! சரி, எங்க மேனேஜர் நேத்து பண்ணின அமர்க்களத்தைக் கேளுங்க..."

லோத்குண்டா தாண்டி, பாரடைஸ் சிக்னல் தாண்டி, பேச்சு எங்கெங்கோ போயிற்று. பேகம்பேட் வந்து காரை நிறுத்தியபோதுதான் தினேஷுக்குப் பூபாலன் ஞாபகம் திரும்ப வந்தது.

பார்க்கிங்கில் ராகவேந்திராவிடம் புலம்பினான். உடன் வேலை செய்பவன், மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் தமிழன்.

"அரே, நக்கோ பாய், வேண்டவே வேண்டாம்!" ராகவேந்திரா பதறினான். "இது ஏதோ ஃபிராடு. யாரோ திருட்டுப் பணத்தை உன் கார் பேரைச் சொல்லி மாத்துறான். நாளைக்கு போலீஸ் வந்தா அவனைப் புடிப்பாங்களா, உன்னைப் புடிப்பாங்களா? எதுக்கு உனக்கு இந்த வம்பு? ஆப்லயே கம்ப்ளெய்ன்ட் குடுத்துரு."

அன்று தினேஷுக்கு வேலையே ஓடவில்லை. யார் இவன்? பைத்தியமா? பணக்காரனா? தெரிந்தவன் எவனாவது விளையாடுகிறானா? எப்படி யோசித்தாலும் கணக்கு உதைத்தது. போலீஸ் என்ற சொல் மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை. அதே பஸ் ஸ்டாப். அதே செய்தி. வர இயலவில்லையாம்.

"சுபா, முடிவு பண்ணிட்டேன். அந்தப் பூபாலன் மேல கம்ப்ளெய்ன்ட் எழுதிட்டேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி."

"அய்யோ, கம்ப்ளெய்ன்ட் எல்லாம் எதுக்குங்க? பாவம், என்ன கஷ்டமோ அவருக்கு!"

"அவருக்கா? இந்த ஆப் சங்காத்தமே வேண்டாம். பேசாம காரைத் தள்ளிவிட்டுடறேன். சனத்நகர் புரோக்கர் ஞாயித்துக்கெழம வரேன்னுட்டான். பஸ்ல போனா பெட்ரோலும் வேண்டாம், பூபாலனும் வேண்டாம்."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருண்டது.

"சுபா? லைன்ல இருக்கியா? அனுப்பறேன் பார், ஒண்ணு, ரெண்டு..."

"அனுப்பாதீங்க!" சுபாஸ்ரீ அலறினாள். குரல் உடைந்துவிட்டது. "பூபாலனும் இல்லை, கோபாலனும் இல்லை. நான்தாங்க அது!"

தினேஷின் விரல் அப்படியே நின்றது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"நீயா? அப்ப... பெட்ரோலுக்கு வந்த காசெல்லாம்?"

"என் சம்பளந்தான்."

"உனக்கென்ன பைத்தியமா? நம்ம காசை நமக்கே குடுத்து, நடுவுல ஆப்காரனுக்குக் கமிஷன் வேற அழுது... எதுக்குடி?"

"ராத்திரி உங்களுக்கு அமெரிக்காக்காரனோட மீட்டிங். பகல் பூரா எனக்குக் கவுண்டர். காலைல நீங்க தனியா கார் ஓட்டற நேரந்தான் நமக்குப் பேச்சு." சுபாஸ்ரீ மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மூணு பேர் ஏறின அந்த வாரம் நீங்க ஒரு நாள்கூட எனக்குப் போன் பண்ணலை. காரை வித்துட்டு பஸ்ல தொங்கினாலும் பேச மாட்டீங்க. அதான், மூணு சீட்டையும் நானே வாங்கிட்டேன்."