நார்வேக்காரரின் சாட்சி

"தல்மீராவுல ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் தைரியமா நடந்து போலாம்னு போட்டிருக்கீங்களே ட்ரெவர், யாரு நடந்து பார்த்தது?"

அறிக்கையை மேசைமேல் தட்டினாள் பிலிப்பா. அகதி மனுக்களைத் தீர்மானிக்க அரசு கையில் வைத்திருக்கும் நாட்டு நிலவர அறிக்கை அது. அதில் இருப்பது உண்மைதானா என்று வெளியாளாக நின்று பார்ப்பது அவள் வேலை. எழுதியவர் ட்ரெவர்.

எதிரே ஹேமின் உட்கார்ந்திருந்தார். குண்டுவீச்சுக்குத் தப்பி தல்மீராவிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர். அந்த ஒரு பத்தியைக் காட்டித்தான் அவர் மனுவைத் தள்ளியிருந்தார்கள். திங்கட்கிழமை மேல்முறையீடு. தோற்றால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

"ஓலாஃப்னு ஒருத்தர். நார்வேக்காரர்," என்றார் ட்ரெவர், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி. "பயண இணையதளத்துல எழுதியிருக்கார். ஒன்பது தடவை போயிட்டு வந்தவர்."

"ஊர் சுத்திப் பார்க்கப் போன ஆளு சொன்னதை வெச்சு ஒரு மனுஷனைத் திருப்பி அனுப்பறீங்களா?"

"சும்மா சொல்லாதீங்க. ரொட்டிக்கடை எப்பத் திறக்கும்கிறது வரைக்கும் அவருக்கு அத்துப்படி. போன வாரம் நானே மெயில் போட்டுக் கேட்டேன். பத்தே நிமிஷத்துல பதில். 'ஊர் சொர்க்கம், குடும்பத்தோட வாங்க'ன்னு."

ஹேமினுக்குத் தேநீர் புரையேறியது.

"அவர் நம்பரைக் கேளுங்க," என்றாள் பிலிப்பா. "குண்டு விழற தெருவுல எப்படி உலாத்தினார்னு நானே விசாரிக்கறேன்."

"வேணாம் மேடம்," என்றார் ஹேமின். "பாவம், விட்டுடுங்க."

"என்ன பாவம்? உங்களுக்கு எதிரா இருக்கற ஒரே சாட்சி அந்த ஆளுதான். அவர் சொன்னது புளுகுன்னு நிரூபிச்சா இந்தப் பத்தியையே தூக்கிடலாம். நீங்க பிழைச்சீங்க."

"பொய் சொன்னவன்னு தெரிஞ்சா மனுவைத் தள்ளிடுவாங்கன்னு வக்கீல் சொன்னாரே மேடம்."

"பொய் சொன்னது அவர்தானே? நீங்க ஏன் நடுங்கறீங்க?"

ட்ரெவர் கணினியைத் திறந்து ஓலாஃபுக்கு மெயில் தட்ட ஆரம்பித்தார்.

ஹேமின் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "அங்க எனக்கு ஒரு ஓட்டல் இருக்கு மேடம். இப்ப தம்பி பார்த்துக்கறான். குண்டு விழ ஆரம்பிச்சதுலேருந்து ஈ, காக்கா எட்டிப் பார்க்கலை. அதான் நானே ஓலாஃப்னு பேர் வெச்சு நாலு வார்த்தை நல்லதா எழுதிப் போட்டேன். போன வாரம் இவர் மெயில் வந்ததும், யாரோ ரூம் கேக்கறாங்கன்னு நினைச்சுட்டேன்."