தொட்டிச் செடி குடித்த பால்

டக்.

பல வருடங்களுக்கு முன்னால் இரவுகளில் கேட்ட சத்தம். மாதவிலக்கு நிற்கிற வயதில் அக்காவுக்கு உடம்பெல்லாம் தீப்பற்றிக்கொண்ட மாதிரி இருக்கும். எழுந்து விசிறியைப் போடுவாள். குளிருகிறது என்று கணவர் எழுந்து அணைப்பார். டக். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதனால்தானோ என்னவோ, தம்பி வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் மிக்சி சத்தம் கேட்டு எழுந்தவளுக்கு வயிறெரிந்தது.

தையற்கடையில் நாளெல்லாம் குனிந்தே கிடக்கிற தம்பி, அடுப்படியில் நின்று சோயா அரைத்துக்கொண்டிருந்தான். உள்ளே விசிறி முழு வேகத்தில் சுற்ற, அவன் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு அந்த வெக்கை வருதுக்கா" என்றான்.

சோயாவில் பெண்களின் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே ஒன்று இருக்கிறதாம், வெக்கையைத் தணிக்குமாம். ஊறப் போடுகிற பதமும் காய்ச்சுகிற பதமும் தன் கைக்குத்தான் வருமாம். பேச்சோடு பேச்சாகப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டையும் டப்பாவில் அடைத்து முடித்தான்.

எங்களுக்கெல்லாம் வராத வெக்கையா, என்று அக்கா மனசுக்குள் பொருமினாள்.

தம்பி குளிக்கப் போனதும் அவன் மனைவி எழுந்து வந்தாள். அவன் காய்ச்சி வைத்திருந்த சோயாப் பால் டம்ளரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். தொட்டிச் செடிக்கு மொத்தப் பாலையும் ஊற்றினாள்.

"ஏம்மா, செடிக்கும் வெக்கையா?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அந்த வாடையே எனக்கு ஆகல அண்ணி. ஆசையா பண்றாரு, வேண்டாம்னு சொல்ல மனசு வரல. நீங்களும் சொல்லிடாதீங்க."

சொல்லாமல் இருப்பாளா அக்கா? தம்பி கடைக்குக் கிளம்பியபோது படிக்கட்டு வரை கூடவே போய், ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தான். "தெரியும்க்கா. தொட்டி மண்ணு நாறுறதே சொல்லுதே."

"தெரிஞ்சுமாடா அரைக்கிற?"

"சோயா சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது, தூக்கம் கெடாம பாத்துக்கங்கன்னுதான் டாக்டரம்மா சொன்னாங்க. ராத்திரியெல்லாம் வேர்த்துக் கொட்டி, விடியறப்பதான் இவ கண்ணசருவா. உடனே எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடுவா. நான் பாத்துக்கறேன், நீ தூங்குன்னா கேப்பாளா? என்னை அந்தப் பக்கமே விட்டதில்ல. சோயா பதம் என் கைக்குத்தான் வரும்னதும் விட்டுட்டா."



"செடிக்கு மண்ணையாவது மாத்துடா" என்று மட்டும் சொன்னாள் அக்கா.

ஊருக்குத் திரும்பும்போது அவள் பையில் ஒரு பொட்டலம் சோயா இருந்தது.

அவளுக்கு அந்த வெக்கை நின்று வெகுகாலமாயிற்று. ஆனாலும் இப்போது அவள் கணவர் தினமும் விடியுமுன் எழுந்து சோயா அரைக்கிறார். அந்தப் பதம் அவர் கைக்குத்தான் வருகிறது என்கிறாள் அக்கா.