சோறு வாங்கிக் குடுங்கண்ணா

“கேளு மூஜின். சுத்தி வளைக்காம நேரா கேளு.”

மூஜின் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். எதிரே ஆலோசனை மையத்தின் யாங் மேடம், மனம் உடைந்த மாணவியாக நடித்தபடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

“நீ... நீ சாப்பிட்டியா?”

மேடம் நிமிர்ந்தார். “அதை ஊரே கேக்குது. பஸ் டிரைவர்கூடக் கேக்கறார். நான் சொல்லிக் குடுத்தது என்ன?”

“சாகணும்னு தோணுதான்னு கேக்கணும்.”

“கேளேன்.”

“வாயில வர மாட்டேங்குது மேடம். நாமளே கேட்டு, இல்லாத நினைப்பை உண்டாக்கிட்டா?”

“கேக்கறதால யாரும் சாக மாட்டாங்க. கேக்க ஆள் இல்லாமத்தான்...”

சக மாணவர்களுக்குத் துணை நிற்கும் வழிகாட்டிப் பயிற்சிக்கு மேடமேதான் போன் செய்து அவனை அழைத்திருந்தார். போன பருவத்தில் பாதி வகுப்புக்குப் போகாதவன் அவன். “என்னை ஏன் மேடம்?” என்று அன்றே கேட்டான். “அதனாலதான்” என்றார். இந்த முறை பயிற்சிக்கு வந்தது அவன் ஒருவன் மட்டும். இந்த மையத்தின் கதவைத் தள்ளவே கல்லூரியில் எல்லோருக்கும் பயம். பெயர் பதிவாகிவிடும், நாளைக்கு வேலை கொடுப்பவன் தோண்டி எடுப்பான் என்று. வழிகாட்டி என்பதால் அவனால் தலைநிமிர்ந்து வந்துபோக முடிந்தது.

“யாரை நினைச்சு இவ்ளோ பயப்படறே?”

“சேரிம்.”

இரண்டாம் ஆண்டு மாணவி. அவளுடைய மாணவர் எண்ணின் கடைசி இலக்கங்களும் அவனுடையதும் ஒன்று. அப்படி ஒத்துப்போனால், கல்லூரி வழக்கப்படி மேல் வருடத்தவர் கீழ் வருடத்தவருக்குச் சோறு வாங்கித் தர வேண்டும். கேட்டால் மறுக்க முடியாது. மறுத்தால் துறையே சிரிக்கும்.

“தன் பொருளை எடுத்து அடுத்தவங்களுக்குக் குடுக்கறது ஒரு அறிகுறின்னு சொன்னீங்கல்ல மேடம்? போன வாரம் மஃப்ளரைக் குடுத்தா. நேத்து அவ ஜன்னல்ல வச்சிருந்த செடி. ‘இனிமே நீங்கதான் தண்ணி ஊத்தணும்’ங்கறா. தினமும் சாப்பிடக் கூப்பிடறா. ஆனா சாப்பிடறதில்ல. என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா.”

மேடம் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

“அப்ப இன்னிக்கே கேட்டுரு.”

அவன் படியிறங்கும்போதே போன் அதிர்ந்தது. “அண்ணா, பசிக்குது. சோறு வாங்கிக் குடுங்க. வரலன்னா ரூமுக்கே வந்து கதவைத் தட்டுவேன்.”

கல்லூரியின் பின்வாசலை ஒட்டிய சூப் சோற்றுக் கடையில் ஆவி மண்டிக் கிடந்தது. சேரிம் மூலையில் காத்திருந்தாள்.

“வந்துட்டாரு வள்ளல்!” கடைக்கார சித்தி கல்சட்டிகளைக் கொதிக்கக் கொதிக்க இறக்கி வைத்தாள். “இந்தப் பொண்ணு உன் பர்ஸைத் தின்னே தீத்துருவா போலிருக்கே தம்பி.”

“இவரா வள்ளல்? முட்டைகூட இன்னொண்ணு வாங்கித் தர மாட்டாரு சித்தி. சரியான கஞ்சம்,” என்றாள் சேரிம். சிரித்துக்கொண்டே தன் முட்டையை எடுத்து அவன் சட்டியில் போட்டாள்.

மறுபடியும் கொடுக்கிறாள்.

“சாப்பிடுங்கண்ணா. ஆறிரும்.”

“நீ?”

“நீங்க முதல்ல.”

அவன் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டான். அவள் கரண்டியைத் தொடவே இல்லை. நகங்களைக் கடித்துக் கடித்து விரல் நுனிகள் சிவந்திருந்தன. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அப்புறம் இன்னொரு தடவை.

இவள் நாளைக்கு இருப்பாளா?

“சேரிம்.”

“ம்?”

“சூப்... காரமா இருக்கா?”

“நீங்கதானே சாப்பிடறீங்க.”

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்க முடியாது என்று தோன்றியது.

“சேரிம், உனக்கு... சாகணும்னு தோணுதா?”

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது.

ஆமாம். ஆமாம் என்கிறாள். இனி என்ன செய்ய வேண்டும்? ஓடக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவன் நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“எவ்ளோ நாளா?” என்றான்.

அவள் இல்லையென்று தலையாட்டினாள். “எனக்கு இல்லண்ணா.”

“பின்ன ஏன் அழறே?”

“நான் போன பருவமே வழிகாட்டிப் பயிற்சி முடிச்சுட்டேன். எனக்குன்னு ஒருத்தரைப் பாத்துக்கச் சொன்னாங்க. உதவின்னு கூப்பிட்டா அவரு அந்த மையத்துப் பக்கமே வர மாட்டாரு. அதனால மேடம் அவரையும் பயிற்சிக்குன்னு கூப்பிட்டாங்க. ரூமை விட்டு வெளியவே வராதவரு, சோறு கேட்டா மட்டும் மறுக்க முடியாம வருவாரு, செடிக்குத் தண்ணி ஊத்தவாவது தினமும் எந்திரிப்பாருன்னு நான்...” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “இந்தக் கேள்வியை அவர்கிட்ட கேக்க எனக்குத் தைரியமே வரல. இப்ப நீங்களே கேட்டுட்டீங்க. பதிலையும் நீங்களே சொல்லிடுங்கண்ணா.”

‘இல்லை’ என்று சொல்ல மூஜின் வாயைத் திறந்தான். அந்த ஒரு சொல் வரவில்லை.