பணம் எடுப்பவள்

மஸ்கட்டுக்கு வந்த இரண்டு மாதத்தில், ஏடிஎம் இரண்டு முறை பணத்தை நீட்டிவிட்டுத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டது. தவறு இயந்திரத்தினுடையது அல்ல. கார்டை எடுத்ததும் நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடுகிறேன். கல்யாணமாகி நாலு வருடமும் அப்படித்தான் பழக்கம். கார்டு என் வேலை, பணத்தை எடுத்து எண்ணிக்கொண்டே வருவது நித்திலாவின் வேலை. போன தை மாதம் அவள் இறந்துவிட்டாள்.

உள்ளே போன பணம் கணக்குக்குத் திரும்பப் பத்து நாளாகும் என்று ஊரிலிருக்கும் வங்கி சொல்லிவிட்டது. மிச்சமிருப்பது அறை வாடகைக்குத்தான் போதும். இன்று மாலைக்குள் அதைக் கொடுக்காவிட்டால் காலி செய்ய வேண்டும்.

மூன்றாவது முறை போனபோது காவலாளி சவரிமுத்து எழுந்து வந்தார். ராமநாதபுரத்துக்காரர்.

"என்ன தம்பி, இன்னைக்கும் பேங்குக்காரனுக்குத் தர்மம் பண்ண வந்தியளா?"

"இல்லண்ணே. இன்னைக்கு எடுத்துருவேன்."

கார்டு வந்தது, எடுத்துக்கொண்டேன். பணம் வந்தது. நோட்டுகளின் நுனி என் கைக்கு நேராகத்தான் இருந்தது; அவள் எடுக்க வேண்டியது என்று கை நீளவில்லை. இயந்திரம் விட்டு விட்டு ஒலித்தது.

"எடுங்க தம்பி, உள்ள போயிரும்!"

"நீங்க எடுத்துக் குடுங்கண்ணே."

"அடுத்தவுக காசை நான் தொட்டா வேலை போயிரும் தம்பி."

இடப்பக்கமாக ஓரடி நகர்ந்தேன். எப்போதும் அவள் நிற்கிற பக்கம் அது. அங்கிருந்து கையை நீட்டினேன்.