துளையில ஊத்தின தண்ணி

அணுக்கழிவைப் புதைக்க இடம் தேடி, வேடியப்பன் கொல்லையில அதிகாரிங்க பாறையைத் துளை போட்டாங்க. உள்ள தண்ணி இருந்தா வேற இடம் பார்ப்பாங்க. இல்லன்னா ஊரையே காலி பண்ணணும்.

அவங்க சாப்பிடப் போன நேரம், குடிக்க வச்சிருந்த லாரித் தண்ணியை ஊரே குடம் குடமா துளைக்குள்ள ஊத்துச்சு.

"ஊத்து மாமா, ஒருநாள் தாகத்துல யாரும் செத்துட மாட்டோம்"னா வேடியப்பன் பொண்டாட்டி சென்னம்மா.

மறுநாள் அதிகாரியம்மா வேடியப்பனைப் பார்த்துச் சிரிச்சாங்க. "யாருண்ணே ஊத்தினது?"

"தானா ஊறினதுங்கம்மா."

"ஊறின தண்ணியில குளோரின் வாசனை வருமா? பரவாயில்லண்ணே. கருவியில பாருங்க, நீங்க ஊத்தினதுல விடிய விடிய ஒரு சொட்டுகூட வெளிய கசியல. இப்படி ஒரு பாறையத்தான் நாடு பூரா தேடினோம்."

வேலிக்கு வெளிய சென்னம்மா ஆவலா நின்னா. "என்ன மாமா, கெளம்புறாங்களா?"

"இல்ல புள்ள. நாமதான்."